பல்லைக் கடித்துப் பொறுத்தது

“பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்” என்பது நம் வீட்டுப் பெரியோர் இளையோர்க்கு வழங்கும் அறிவுரைகளுள் ஒன்று. துன்பத்தை வெளியே சொல்லாமல் தாங்குவதே பெருமை எனக் கருதி வளர்ந்தவர்கள் நாம். அவ்வறிவுரையைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியதால் நமக்கு நேர்ந்ததை இம்மலரின் வழியே எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதுகில் தொடங்கிய வலி ஒன்று மூன்றாண்டுகள் நம்மை வாட்டியது. விடைத்தாள் திருத்தக் குனிந்து அமர்வதன் விளைவென்றே முதலில் எண்ணினோம். தைலம் தேய்த்தோம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம், இடுப்பில் பெல்ட் அணிந்தோம், மெத்தையை விட்டுத் தரையில் படுத்தோம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த எலும்பு மருத்துவர், எலும்பில் குறையேதும் இல்லை என்று கூறிவிட்டார். வலி மட்டும் கழுத்து வரை ஏறியது.

ஒருநாள் வகுப்பில் செய்யுளொன்றை உரக்கப் படிக்க வாய் திறந்தபோது, காதருகே ‘டக்’ என்றோர் ஒலி எழுந்தது. முன்வரிசை மாணவர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு அது கேட்டது. அன்றிரவு வீட்டில் இதைச் சொன்னபோது நம் மகள், “அத்தா, ராத்திரியெல்லாம் நீங்க நறநறன்னு பல்லைக் கடிக்கிற சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குது” என்றாள்.

மறுநாள் பல் மருத்துவரிடம் சென்றோம். அவர் நம் இரு காதுகளின் முன்னும் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகியிருந்தமையைக் கண்ணாடியில் காட்டினார். பிறகு, “முதுகுவலி உண்டா?” என வினவினார். பல்லுக்கும் முதுகுக்கும் என்ன உறவு என்று வியந்து நின்றோம்.

அவர் விளக்கியதையும் பின்னர் நாம் படித்தறிந்ததையும் இங்குச் சுருக்கித் தருகிறோம். காதுக்கு முன்னே, கீழ்த்தாடை மண்டையோட்டைச் சந்திக்கும் இடமே தாடை மூட்டு. கதவுக்கீல் போல் சுழல்வதோடு முன்னும் பின்னும் வழுக்கி நகரவும் வல்லது அது. எலும்புகளுக்கிடையே மெல்லிய தட்டு ஒன்றுண்டு. அது இடம் பிசகும்போது நாம் கேட்டது போன்ற ஒலி எழலாம். தாடை தனித்து இயங்குவதன்று. பிடரியில் கைவைத்து வாயை அகலத் திறந்து பாருங்கள். தலை சற்றே பின்சாய்வதை உணரலாம். முகத்தின் உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பின் இழைகளும் மேற்கழுத்து நரம்பின் இழைகளும் தண்டுவடத்தின் மேற்பகுதியில் ஒன்றுகூடுகின்றன. ஆகவே ஓரிடத்து வலியை மூளை வேறிடத்து வலியாக உணர்வதும் உண்டு.

1934ஆம் ஆண்டில் அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காதிலும் தலையிலும் தோன்றும் சில தொல்லைகளைத் தாடை மூட்டோடு தொடர்புபடுத்தி எழுதினார். அவர் கூறிய காரணங்களுட் சில பின்னர் ஏற்கப்படவில்லை. எனினும் அம்மூட்டின்பால் மருத்துவ உலகின் கண் திரும்பியது. சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2007, 2009 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், முதுகெலும்பை ஒட்டிய வலியுடையோரிடம் தாடைக் கோளாறும் மிகுதியாகக் காணப்படுவதை எடுத்துக்காட்டின. இதனால் தாடையே முதுகுவலிக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடலாகாது. இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தனவாகவும் இருக்கலாம். நாட்பட்ட வலி நரம்பு மண்டலத்தையே கூருணர்வு உடையதாக்கிவிடுகிறது; உறக்கக் குறைவும் மனக்கவலையும் அதற்கு எண்ணெய் வார்க்கின்றன.

மருத்துவர் இறுதியாக, “மனசுல ஏதாவது கவலை இருக்கா சார்?” என்றார். “இல்லை” என்றோம். அது பொய். தம்பியின் தொழிற்கடனுக்கு நாம் ஜாமீன் கையெழுத்திட்டிருந்தோம். தொழில் நொடித்துக் கடன் நம் தலையில் விழுந்தது. வீட்டில் எவருக்கும் தெரியாமல் மாதந்தோறும் சம்பளத்திலிருந்து கட்டி வந்தோம். திரும்பும் வழியில் எண்ணிப் பார்த்தபோதுதான், வலி தொடங்கிய காலமும் அக்கடன் நம்மீது விழுந்த காலமும் ஒன்றே எனப் புலப்பட்டது.

அன்றிரவே துணைவியாரிடம் உண்மையைச் சொன்னோம். சினங்கொள்வார் என அஞ்சியிருந்தோம். அவரோ நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “மூணு வருஷமா இதை வாய்க்குள்ளேயே வெச்சிருந்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். மருத்துவர் சொன்ன சொற்களினும் இக்கேள்வி நம்மை ஆழமாகத் தைத்தது.

பின்னர் மேற்கொண்ட மருத்துவம் எளியது. இரவில் பற்களுக்கிடையே அணிய அச்செடுத்த தடுப்பொன்றைத் தந்தார்கள். சில வாரங்கள் மென்மையான உணவு உண்டோம். தாடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். கழுத்துக்கும் முதுகுக்கும் பயிற்சிகள் செய்தோம். விடைத்தாள் திருத்த ஒரு சாய்பலகை வாங்கினோம். உதடுகள் மூடியிருக்க, பற்கள் ஒன்றையொன்று தொடாதிருப்பதே தாடையின் ஓய்வுநிலை என அறிந்து, நாள்தோறும் பலமுறை அதை நினைவூட்டிக்கொண்டோம். கடன் தீர இன்னும் ஓராண்டு உண்டு; ஆனால் கணக்கை இப்போது இருவரும் சேர்ந்து பார்க்கிறோம். முதுகுவலி முற்றிலும் நீங்கிற்று என்று சொல்ல மாட்டோம். உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இப்போது இல்லை.

மாணவச் செல்வங்களே, எல்லா முதுகுவலிக்கும் தாடையில் மருந்து தேடாதீர்கள். கால் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க இயலாமை போன்றவை முதுகுவலியோடு சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். ஆனால் வாயைத் திறக்கும்போது வலியோ காலையில் தாடை இறுக்கமோ இருப்பின், அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். பெரியோர்களே, பிள்ளைகளுக்குப் பொறுமையைக் கற்பியுங்கள், அத்துடன், “உனக்கு என்ன வருத்தம்?” என்றும் ஒருமுறை கேட்டுவையுங்கள். கேட்பாரின்றிப் பொறுத்த துன்பத்தை நம் தாடை மூன்றாண்டுகள் அரைத்துக்கொண்டே இருந்தது.