பாட்டம் என்றால் பள்ளம்!

2008 மார்ச். ஆபீஸ் கேன்டீனில் டீயோடு கிரிக்கெட் அலசல். ஹாமில்டன் டெஸ்டில் நியூசிலாந்துக்கு எதிராக இங்கிலாந்தின் ரயான் சைடுபாட்டம் ஹாட்ரிக்! ஃப்ளெமிங், சின்க்ளேர், ஓரம் மூன்று பேரும் காலி. நமக்கு ஹாட்ரிக்கா முக்கியம்?

"சைடுபாட்டமாம்! இந்தப் பேரை வச்சுக்கிட்டு அந்த ஆள் எப்படிய்யா பொண்ணு பார்க்கப் போவான்?" என்றேன். செக்‌ஷனே சிரித்தது.

சிரிக்காதவர் ஹெட் கிளார்க் ஒருவர்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.

"மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ்ல புஸ்தகம் வாங்கியிருக்கீங்களா தம்பி?"

"ஓ!"

"அங்கே சிரிச்சீங்களா?"

விழித்தேன்.

"அந்த பாதமும் இந்த பாட்டமும் ஒண்ணுதான். பழைய இங்கிலீஷ்ல அதுக்குப் பள்ளம்னு அர்த்தம். ரெண்டு மேட்டுக்கு நடுவுல இருக்கிற தாழ்ந்த நிலம். 'சைடு'ங்கறதும் பக்கம் இல்லே, அகலம். ஆக, சைடுபாட்டம்னா அகலமான பள்ளம். லாங்பாட்டம்னா நீளமான பள்ளம். ஹிக்கின்பாதம், ஓக் மரப் பள்ளம். ராம்ஸ்பாட்டம்னு மான்செஸ்டருக்கு வடக்கே ஒரு ஊரே இருக்கு. பொழைப்புக்காக ஊரை விட்டுப் போனவனை, போன இடத்துல 'அந்தப் பள்ளத்துக்காரன்'னு கூப்பிட்டாங்க. அது பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கிச்சு. ரயானோட அப்பா ஆர்னி, 1985-ல இங்கிலாந்துக்கு ஒரு டெஸ்ட் ஆடினார். அவரும் அதே பேர்லதான் ஆடினார். அது சரி, உங்க இனிஷியல்ல 'என்' எதுக்கு?"

"நாகர்கோவில், சார்."

அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "சர்வீஸ் ரிஜிஸ்டர் என்கிட்டதான் இருக்கு."

எனக்கு வியர்த்துவிட்டது. நாகர்கோவில் பக்கமே நான் போனதில்லை. என் ஊர் நரிப்பள்ளம். காலேஜில் பையன்கள் என்னைப் பார்த்து ஊளையிட்டார்கள். அன்று ஊரை மாற்றியவன்தான். அந்தப் பள்ளத்தில் விளைந்த சோளத்தை விற்றுத்தான் அப்பா எனக்கு ஃபீஸ் கட்டினார்.

ஒருமுறை அவர் ஆபீசுக்கே வந்து, "நரிப்பள்ளத்துப் பையன் இருக்கானா?" என்று கேட்டார். பக்கத்து சீட்காரரிடம், "ஊர்ல தெரிஞ்சவர்" என்று சொல்லிவிட்டு, அவசரமாக அவரை வெளியே அழைத்துப் போனேன். அது அவர் காதில் விழுந்ததா? இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போது என் வீட்டு வாசல் போர்டில் இனிஷியல் கிடையாது. ஊர்ப் பெயரையே முழுசாகப் போட்டுவிட்டேன். கூரியர் பையன் படித்துவிட்டுச் சிரிக்கிறான்.

சிரிக்கட்டும். சைடுபாட்டத்தைப் பார்த்து நான் சிரிக்காத சிரிப்பா?