வாலுள்ள வாடகைதாரர்கள்

பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கி, (மழை பெய்தால் நீச்சல்குளமாகிவிடும்) சுரங்கப்பாதையைத் தாண்டினால் நங்கநல்லூர். தடுக்கி விழுந்தால் கோயில். 1995-ல் 32 அடி ஆஞ்சநேயரே இங்கே வந்து குடியேறிவிட்டார். ஆனால், வாடகைக்கு வீடு தேடுகிற வேறு எந்த வாலுக்கும் இந்த ஊரில் லேசில் இடம் கிடைக்காது!

மாமா துபாயில். மாடி போர்ஷன் சாவி என்னிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு காட்டும் உத்தியோகம். (பி.காம். படித்ததற்கு ஏதோ ஒரு பிரயோஜனம்!) மாமாவின் கண்டிஷன் ஒன்றுதான்: "நாய், பூனை கூடாதுடா."

முதலில் வந்தவர் ஐ.டி. இளைஞர். "நானும் என் ஒய்ஃபும்தான் சார். குழந்தை, குட்டி கிடையாது."

குழந்தை சரி... குட்டி? கறுப்பு பேன்ட் முழுக்க வெள்ளை ரோமம். ஜன்னல் கொசுவலையை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "எங்க ஏரியா கொசு அவ்வளவு பலசாலி இல்லீங்க" என்றேன். அசடு வழிந்தார். "ரெண்டு பூனை சார்..."

அனுப்பிவிட்டேன். அப்புறம் மனசு உறுத்தியது. உண்மை சொன்னவர்களுக்கு மட்டும் யார் வீடு கொடுத்தார்கள்? வளர்ப்பு நாய்க்குக் குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று 2015-லேயே இந்திய விலங்குகள் நல வாரியம் சொல்லிவிட்டது. சொல்லி என்ன, சாவி வீட்டுக்காரர் இடுப்பில் அல்லவா இருக்கிறது!

அடுத்த ஞாயிறு ஒரு பெரியவர். ரிட்டயர் ஆனவர். கையோடு நாயையும் கூட்டி வந்துவிட்டார். பத்து வயசு நாட்டு நாய். பேர் மணி.

"மறைச்சு என்ன தம்பி ஆகப்போவுது? இது ஏழாவது வீடு. நாயை எங்கேயாவது விட்டுட்டு வாங்கங்கறாங்க. என் சம்சாரம் வளர்த்தது. அவ போயிட்டா. இதையும் விட்டுட்டு, நான் மட்டும் யாரோட குடியிருக்கறது?"

ஹால், கிச்சன் என்று நான் ஒப்பித்ததை அவர் கேட்கவே இல்லை. வீடு பார்த்தது மணிதான். ஹாலில் வழவழ டைல்ஸ்; பின்னங்கால் வழுக்கியது. பழைய மொசைக் போட்ட உள்ரூமில் நிமிர்ந்து நடந்தது. "இந்த ரூம் போதும் அதுக்கு" என்றார். வெறிநாய்த் தடுப்பூசி அட்டை, மாநகராட்சி லைசென்ஸ் எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்து வரிசையாகக் காட்டினார். முதல் இன்டர்வியூவுக்கு நான் கொண்டுபோன சர்ட்டிபிகேட் ஃபைல் ஞாபகம் வந்தது.

ராத்திரி மாமாவுக்கு போன்.

"கதவைப் பிறாண்டுமேடா?"

"பெயின்ட் செலவை அட்வான்ஸ்ல பிடிச்சுக்கலாம். எழுதியே தரேங்கறார்."

"குரைக்குமே?"

"போன தடவை இருந்தவன் ராத்திரி ஒரு மணிக்கு பாட்டு வெச்சானே, அதுக்கு இது தேவலை. வீடு மூணு மாசமா காலி மாமா. நாயோட இருக்கறவர் சட்டுனு காலி பண்ணிட்டுப் போகமாட்டார். போனா, எட்டாவது வீடு தேடணுமே!"

கணக்கு மாமாவுக்குப் புரிந்தது. "சரி, விடு" என்றார்.

ஒண்ணாம் தேதி பால் காய்ச்சியாகிவிட்டது. நாயின் பேரை மட்டும் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் பேரும் மணிதான்!