டெட்ராய்ட்டில் ஒரு கிழப் புலி

அமெரிக்காவுக்குப் பிள்ளையைப் பார்க்கப் போகிற பெற்றோர்கள் நயாகராவைப் பார்த்துவிட்டு வந்து, அருவிக்கு முன்னால் ஸ்வெட்டரோடு நிற்கிற போட்டோவை அக்கம்பக்கத்தில் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில் இன்னும் மனசை விட்டுப் போகாதது வேறு. நாற்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய ஒரு ஸ்டேடியம் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்க, வந்திருந்த கொஞ்சம் பேர் ஒரு வயசான ஆட்டக்காரரைத் திட்டித் தீர்த்தார்களே, அது!

2019 செப்டம்பர். பெரியவனுக்கு டெட்ராய்ட்டில் கார் கம்பெனி வேலை. வீடு ஊருக்கு வெளியே. காலையில் அவன் போய்விடுவான், மருமகளும் போய்விடுவாள். நானும் என் மனைவியும் ஜன்னல் வழியாக அணில் பார்த்துக்கொண்டிருப்போம். அமெரிக்க அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடையாது என்பதைக் கண்டுபிடித்ததோடு எங்கள் ஆராய்ச்சி முடிந்துவிட்டது.

அப்போது வாய்த்தவர்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர். டெட்ராய்ட் நகர பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் டிரைவர். அவர் பேசியது இங்கிலீஷ்தான்; ஆனால் அந்த இழுவையும் நக்கலும் என் காதில் தென்காசி பஸ் ஸ்டாண்டாகவே விழுந்தது. மனசுக்குள் 'அண்ணாச்சி' என்று பேர் வைத்துவிட்டேன். அவர் பேச்சையும் எனக்குக் கேட்ட தமிழிலேயே தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி: "ரிட்டயர் ஆயாச்சா? பென்ஷன் ஒழுங்கா வருதா?"

"வருதே."

"எண்ணிப் பாத்து வாங்குங்க" என்றார். என்னடா இது, முன்பின் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். காரணம் பிறகு தெரிந்தது.

இரண்டாம் நாள், "பேஸ்பால் பாக்க வாரீரா? டிக்கெட் சல்லிசு. ஏன் சல்லிசுன்னு அங்க வந்தா தெரியும்!"

போனோம். உட்வர்ட் அவென்யூ என்கிற பெரிய ரஸ்தாவில், பழைய ஃபாக்ஸ் தியேட்டருக்கு எதிர்த்தாற்போல் கொமெரிக்கா பார்க். 2000-ல் திறந்த ஸ்டேடியம். அணியின் பெயர் டெட்ராய்ட் டைகர்ஸ் அல்லவா? வாசலில் ஆளைவிடப் பெரிய கல் புலி. மதில் சுவரில் வரிசையாகப் புலித் தலைகள், வாயில் பந்தைக் கவ்விக்கொண்டு. உள்ளே குழந்தைகள் சுற்றுகிற ராட்டினத்தில்கூட குதிரைக்குப் பதில் புலி. மைதானத்துக்கு அந்தப் பக்கம் டை காப், ஹாங்க் கிரீன்பர்க், ஆல் கேலைன் என்று அந்தக் காலத்து சூரர்களுக்குச் சிலை. 'இத்தனை புலி இருக்கு, விளையாடறதுல ஒண்ணும் இல்லை' என்பது அந்த வருஷத்து உள்ளூர் ஜோக்காக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் என் பங்காக வைத்துக்கொள்ளட்டும்.

பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒரு வித்தியாசம், இது தினசரி நடக்கும். மார்ச் கடைசியில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டம். நம் அணி தோற்றால் இரண்டு வாரம் துக்கம் அனுஷ்டித்துவிட்டு அடுத்த தொடரைப் பார்க்கலாம். இவர்களுக்கு மறுநாளே அடுத்த ஆட்டம், மறுநாளே அடுத்த தோல்வி. அந்த வருஷம் டைகர்ஸ் ஆடியது 161, தோற்றது 114! மெகா சீரியலில் கதாநாயகி அழுவது போல, வாரம் ஐந்தாறு நாள்.

அண்ணாச்சி மடியில் ஒரு நீள நோட்டு. காதில் பென்சில். ஒவ்வொரு பந்தையும் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொண்டார். நான் வேர்க்கடலை உரித்தேன். (சைவத்துக்கு அங்கே வேர்க்கடலைதான் கதி. தோலைக் காலடியிலேயே போடலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "அதான் உங்களுக்குப் பிடிச்சுப்போச்சு" என்றாள்.)

அப்போதுதான் அவர் வந்தார். மிகெல் கப்ரேரா. வெனிசுலாக்காரர். நல்ல உயரம், நல்ல பருமன். நம்ம ஊர் மாப்பிள்ளை முகம், எப்போதும் ஒரு சிரிப்பு. அறிவிப்பில் பெயர் வந்ததும் கொஞ்சம் கைதட்டல், அதற்கு மேல் முணுமுணுப்பு. எனக்குப் பின்னால் ஓர் இளவட்டம், "ரிட்டயர் ஆகித் தொலையேன்!" என்று கத்தினான்.

எனக்குச் சுருக்கென்றது. ரிட்டயர் ஆனவனுக்குத்தான் அந்த வார்த்தையின் காரம் தெரியும். திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தேன், அவராவது நம் கட்சி என்று. அவர் இளவட்டத்தைவிட உரக்கத் திட்டிக்கொண்டிருந்தார்!

"முப்பது மில்லியன்! வருஷத்துக்கு முப்பது மில்லியன் டாலர்! முட்டி பிடிச்சுக்கிட்டு ஓட வரலை. பீல்டிங் கிடையாது, பேட்டிங் மட்டும். அதுலயும் பழைய அடி இல்லை. எங்க பஸ்ஸு இதைவிட வேகமாப் போகும், பஞ்சரோட!"

அன்றைய கணக்கில் முப்பது மில்லியன் டாலர் என்றால் இருநூறு கோடி ரூபாய்க்கு மேல். எனக்குக் கடலை தொண்டையில் சிக்கியது.

கதையை முதலிலிருந்து கேட்டேன். இன்னிங்ஸ் இடைவெளியில் சொன்னார்.

டைகர்ஸ் கடைசியாக உலகக் கோப்பை வாங்கியது 1984-ல். (உலகத்தில் வேறு யாரையும் கூப்பிடாமல் 'வேர்ல்ட் சீரீஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட தைரியம் வேறு யாருக்கு வரும்?) பீட்ஸா விற்றுப் பணக்காரரான மைக் இலிட்ச்தான் முதலாளி. சாவதற்குள் ஒரு கோப்பை பார்த்துவிட வேண்டும் என்று பணத்தைக் கொட்டினார். கப்ரேரா, ஜஸ்டின் வெர்லாண்டர், மேக்ஸ் ஷெர்சர் என்று பெரிய பட்டாளம். 2012-ல் கப்ரேரா சராசரி, ஹோம் ரன், அடித்துச் சேர்த்த ரன் மூன்றிலும் லீகில் முதலிடம். மூன்றும் ஒருவருக்கே வாய்த்தது அதற்கு முன் 1967-ல்தான். அவருடைய சராசரி .330. அதாவது பத்துக்கு மூன்று தடவை அடித்தால் இங்கே மேதை. என் கணக்கு வாத்தியார் டெட்ராய்ட்டில் பிறந்திருந்தால் நான் எவ்வளவு அடி மிச்சம் பிடித்திருப்பேன்!

அந்த வருஷமே அணி வேர்ல்ட் சீரீஸுக்குப் போனது. சான் ஃபிரான்சிஸ்கோவிடம் நாலுக்கு நாலும் தோற்றது. நாலாவது ஆட்டம், இதே மைதானம், பத்தாவது இன்னிங்ஸ். கடைசி விக்கெட் மாதிரி கடைசி ஆள் யார் தெரியுமா? மும்மகுடக்காரர் கப்ரேராதான். கடைசிப் பந்து நடுவில் வந்தது. மட்டையைத் தூக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

"டி.வி. பாத்துக்கிட்டே எழுதினேன்" என்றார் அண்ணாச்சி. வீட்டில் அந்தப் பழைய நோட்டைக் காட்டினார். மட்டை வீசி அவுட்டானால் இங்கிலீஷ் எழுத்து கே. வீசாமல் நின்று அவுட்டானால் அதே எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட வேண்டுமாம். அந்தப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு திருப்பிப் போட்ட கே. பக்கத்தில் வேறு ஒன்றும் எழுதவில்லை.

2014 மார்ச்சில் அதே கப்ரேராவுக்கு இலிட்ச் இன்னும் எட்டு வருஷ ஒப்பந்தம் நீட்டித்துக் கொடுத்தார். 248 மில்லியன் டாலர். நாற்பது வயசு வரைக்கும் சம்பளம். ஆடினாலும் உண்டு, முட்டி வலி என்று உட்கார்ந்தாலும் உண்டு.

"அதே 2014-ல எனக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்றார்.

2013 ஜூலையில் டெட்ராய்ட் நகரமே திவால் நோட்டீஸ் கொடுத்தது. கடை திவாலாகும், பாங்க் திவாலாகும், ஒரு ஊர் திவாலாகும் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் அவ்வளவு பெரிய நகரத் திவால் அதற்கு முன் நடந்ததும் இல்லை. 2014 கடைசியில் கோர்ட் ஒப்புதலோடு கணக்கு முடித்தார்கள். நகராட்சி ஓய்வூதியர்களுக்கு மாதப் பென்ஷனில் நாலரை சதவிகிதம் வெட்டு. வருஷா வருஷம் ஏறுகிற பஞ்சப்படி மாதிரியான உயர்வும் ரத்து. மருத்துவச் செலவுக்கு வந்ததிலும் பெரும் பகுதி போச்சு.

முப்பத்தோரு வருஷம் பனியில் பஸ் ஓட்டியவர் விரலை விட்டு எண்ணிக் காட்டினார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"அது முதலாளி பணம், இது ஊர்ப் பணம். ரெண்டும் வேற பைதானே?" என்றேன், ஏதோ சமாதானமாக.

"தெரியும்வே. பஸ் ஓட்டுறவனுக்கு அதுகூடத் தெரியாதா?"

"அப்ப இந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டா என்ன? உங்களுக்கு நாலரை வெட்டினவங்க, இவருக்கும் வெட்டட்டுமே!"

அண்ணாச்சி பென்சிலை நோட்டில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட் இல்லாத பிரயாணியைப் பார்க்கிற பார்வை.

"அது எப்படி? 2012-ல அவன் வேலை செஞ்சுட்டான்லா? அதுக்குத்தான் இப்ப வாங்குதான். கொடுக்கேன்னு கையெழுத்துப் போட்டாச்சுன்னா கொடுக்கணும். திட்டுறது வேற, வெட்டுறது வேற."

அடுத்த தடவை கப்ரேரா வந்தபோது மறுபடியும் பஞ்சர் பஸ் என்று ஆரம்பித்துவிட்டார். இந்தத் தடவை எனக்குச் சுருக்கென்று படவில்லை. அன்றைக்கும் தோல்விதான், சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவருடைய இன்னொரு மனக்குறையையும் கேட்டேன். 2017-ல் இலிட்ச் காலமானார், கோப்பையைப் பார்க்காமலே. அந்த வருஷம் ஆகஸ்ட் 31 ராத்திரி, 34 வயசு வெர்லாண்டரை ஹூஸ்டனுக்குத் தள்ளிவிட்டார்கள். போன இரண்டே மாதத்தில் ஹூஸ்டனுக்குக் கோப்பை! மறு வருஷம் டெட்ராய்ட்டின் பழைய ஆள் ஜே.டி.மார்ட்டினெஸ் இருந்த பாஸ்டனுக்கு. நான் ஊர் திரும்பிய பிறகு, 2019 அக்டோபரில் ஷெர்சர் இருந்த வாஷிங்டனுக்கு. வரிசையாக மூன்று வருஷம்! நம் வீட்டில் இருந்தவரை எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாத பிள்ளைகள் அடுத்த வீட்டில் போய் ஐ.ஏ.எஸ். பாஸ் பண்ணின கதை. கப்ரேரா ஒருவர்தான் போகாமல் இருந்தார். அல்லது அந்தச் சம்பளத்தோடு கூட்டிப் போக யாரும் வரவில்லை. எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

கொரோனா எல்லாம் ஓய்ந்து நாங்கள் மறுபடி போனது 2022 ஏப்ரலில். நான் மங்கி குல்லாயோடு இறங்கியபோது ஊரே ஒரு எண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. மூவாயிரம். கப்ரேரா வாழ்நாளில் அடித்த ஹிட் 2,999. இன்னும் ஒன்று! ஏறக்குறைய நூற்றைம்பது வருஷ ஆட்டத்தில் மூவாயிரத்தைத் தொட்டவர்கள் அதுவரை 32 பேர்தான்.

ஏப்ரல் 21, வியாழன். நியூயார்க் யாங்கீஸோடு ஆட்டம். அண்ணாச்சி முன்கூட்டியே டிக்கெட் வாங்கி வைத்திருந்தார், எனக்கும் சேர்த்து. 2019-ல் அவரைப் பார்த்து 'ரிட்டயர் ஆகு' என்று கத்திய ஜனம் இப்போது அவர் பெயரைச் சொல்லித் தாளம் போட்டது. மூன்று தடவை வந்தார். மூன்றும் வீண். அண்ணாச்சி வழக்கம்போல் திட்டினார், ஆனால் சுருதி இறங்கியிருந்தது.

எட்டாவது இன்னிங்ஸ். டைகர்ஸ் 1-0 முன்னிலை. இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆள். கப்ரேரா மட்டையோடு வருகிறார். ஸ்டேடியமே எழுந்து நிற்கிறது. நானும் நிற்கிறேன். யாங்கீஸ் மேனேஜர் விரலைக் காட்டுகிறார், அவ்வளவுதான். 'இவருக்குப் பந்து போட மாட்டோம், சும்மா முதல் பேஸுக்குப் போகலாம்' என்று அர்த்தமாம். விதிப்படி சரி. ஒரு பந்துகூட வீச வேண்டியதில்லை.

அப்போது எழுந்த சத்தம் இருக்கிறதே! கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் நேரத்தில் இலையை எடுத்தால்கூட நம் ஜனம் அப்படிக் கத்தாது. யாங்கீஸ்காரர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள். அண்ணாச்சி நாற்காலிமேல் ஏறி நின்றார், எழுபத்தைந்து வயசில்! "எங்க ஆளுய்யா அவன்! பந்தைப் போடுறா!"

அடுத்து வந்தவர் அடித்து இரண்டு ரன் சேர்த்தார். டைகர்ஸ் 3-0 வெற்றி. ஜெயித்த அணியின் ரசிகர்கள் கோபமாக வெளியே போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். காரில் அண்ணாச்சியின் நோட்டைப் புரட்டினேன். அந்தக் கட்டத்தில் பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

வெள்ளிக்கிழமை மழை. சனிக்கிழமை நாங்கள் கட்டாயம் போகவேண்டிய சீமந்தம். வளைகாப்புப் பாட்டுக்கு நடுவில், செருப்பு விடும் இடத்தில் நின்று செல்போனில் பார்த்தேன். முதல் இன்னிங்ஸிலேயே வலது பக்கம் ஒரு தரையடி. மூவாயிரம்! எதிரணியில் ஆடிய பழைய தோழர் ஹோசே இக்லேசியாஸ் ஓடி வந்து கட்டிக்கொண்டார். கப்ரேராவின் அம்மா மைதானத்துக்குள் வந்தார். நான் விசில் அடித்துவிட்டேன். உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்த பார்வையில் செல்போன் தானாகப் பைக்குள் போனது.

கப்ரேரா விடைபெற்றது 2023 அக்டோபர் 1, அதே மைதானத்தில். அந்த சீஸனுக்கு முன்னால்தான் எட்டாக்கையில் இருந்த நடுச் சுவரைப் பத்தடி உள்ளே இழுத்திருந்தார்கள். இத்தனை வருஷம் அந்தச் சுவரோரம் அவருடைய பந்துகள் எத்தனை பிடிபட்டிருக்கும்! அன்று எட்டாவது இன்னிங்ஸில் பல நாள் கழித்து முதல் பேஸில் பீல்டிங் நின்றார். வந்த பந்தைப் பிடித்து ஒரு ஆளை அவுட்டாக்கினார். உடனே வெளியே அழைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி அங்கே இருந்தார் என்று பெரியவன் சொன்னான்.

மறு வருஷம், 2024-ல், அந்தப் பொடிப்பையன்கள் அணி, பத்து வருஷத்துக்குப் பிறகு பிளே ஆஃப் போனது. ஹூஸ்டனை ஹூஸ்டனிலேயே இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்தது. பெரியவன் வீடியோ காலில் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினான். நோட்டும் பென்சிலுமாக வேலியோரம் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, ஜெயிச்சுட்டீங்களே! சந்தோஷமா?"

"ஜெயிக்கானுக. ஆனா ஒரு பயலையும் பேர் சொல்லித் திட்ட முடியலை. யார் யாருன்னே இன்னும் மனசுல நிக்கலை" என்றார். பிறகு கேமராவுக்கு ரொம்பக் கிட்டே வந்து, "உமக்குப் பென்ஷன் ஒழுங்கா வருதா?" என்றார.

வருகிறது என்றேன்.

"எண்ணிப் பாரும்" என்றார்.