அப்பாவும் ரெண்டு டியூபும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பொட்டி தட்டுறவன். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க அப்புறமா வாங்க :-)

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, ராத்திரி பதினொண்ணரைக்கு அம்மா வந்து எழுப்பினாங்க. "அப்பா ரொம்ப நேரமா பாத்ரூம்லயே நிக்கிறாருடா. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு." போய்ப் பார்த்தா, மனுஷன் சுவத்துல கையை ஊனிக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து நிக்கிறாரு. சாயங்காலத்துலேர்ந்து ஒரு சொட்டு வரலை. அடிவயிறு கல்லு மாதிரி இருந்துச்சு.

அப்பா ரிட்டையர்டு வாத்தியார். ரெண்டு வருஷமாவே சிறுநீர் மெதுவாத்தான் போயிருக்கு. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்காரு. அம்மா கேட்டா "தண்ணி குடிக்கப் போனேன்"னு சமாளிச்சிருக்காரு. அன்னைக்கு ஜலதோஷம்னு மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்கின மாத்திரை ரெண்டு போட்டிருந்தாரு. அதுதான் வினை. அந்த மாதிரி மாத்திரையில இருக்கிற குளோர்பெனிரமின், சிறுநீர்ப்பை சுருங்குற பலத்தைக் குறைக்கும். பினைலெப்ரின் வாசலை இறுக்கும். ஏற்கனவே புராஸ்டேட் வீங்கிப் பாதையை நெரிச்சுக்கிட்டு இருக்கிறவருக்கு இது போதாதா?

பக்கத்துல இருந்த நர்சிங் ஹோமுக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க இருந்த ஒரே ஆள் அவசர அவசரமா டியூப் போட ஆரம்பிச்சாரு. ஆம்பளைங்களுக்கு அந்தப் பாதை கிட்டத்தட்ட 20 செ.மீ. நீளம். நேரான பைப்பும் கிடையாது, வளைஞ்சு புராஸ்டேட்டுக்கு நடுவுல புகுந்து போகுது. மரத்துப்போற ஜெல்லியை உள்ள விட்டுச் சில நிமிஷம் காத்திருக்கணும். டியூப் முழுசா உள்ள போய், சிறுநீர் வந்த பிறகுதான் நுனியில இருக்கிற பலூனை 10 மி.லி. தண்ணி ஏத்தி ஊதணும். பாதையிலேயே ஊதினா கிழிஞ்சிடும். இடிச்சா தள்ளவே கூடாது. இதெல்லாம் இப்போ தெரியும். அப்போ தெரியாது.

அவரு தள்ளினாரு. அப்பா என் கையைப் புடிச்சு நெரிச்சாரு. திரும்பத் தள்ளினாரு. மூணாவது தடவை ரத்தம் வந்தப்பதான் "சார், போதும், விடுங்க"ன்னேன். தெரியாத விஷயத்துல எப்படி வாயைத் திறக்கிறதுன்னு மொத ரெண்டு தடவையும் சும்மா நின்னேன் பாருங்க, அது இன்னும் உறுத்துது.

டாக்ஸி புடிச்சு தஞ்சாவூர் போனோம். முக்கால் மணி நேரம். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அப்பா பல்லைக் கடிச்சாரு. எங்க ரோட்டுல எத்தனை ஸ்பீடு பிரேக்கர்னு எண்ணிச் சொல்லணும்னா இப்பவும் சொல்லுவேன்.

அங்க இருந்த டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்ததும் கீழ்ப் பாதையைத் தொடவே இல்லை. ஸ்கேன் வெச்சுப் பார்த்துட்டு, "வயித்து வழியா போட்டுடலாம்"னாங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "குடல்ல குத்திட்டா மேடம்?" அவங்க மழுப்பலை. அந்த ஆபத்து இருக்கத்தான் செய்யுது, ஆனா பை இப்படி ரொம்பியிருக்கும்போது அது குடலை மேல தள்ளி வெச்சிருக்கும், ஸ்கேன்ல பார்த்துக்கிட்டேதான் குத்துவேன்னாங்க. முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஆகியிருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறாரான்னு கேட்டாங்க. ரெண்டும் இல்லை. மரத்துப்போக ஊசி, முன்பக்க இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் மேல ஒரு சின்னக் கீறல், டியூப் உள்ள. அவ்வளவுதான்.

1,100 மி.லி.! சாதாரணமா 400, 500 ஆனாலே நமக்கு முட்டிக்கிட்டு வரும். அப்பா கண்ணை மூடிக்கிட்டு "அப்பாடா"ன்னாரு. அவ்வளவு நிம்மதியா அவரு சொல்லி நான் கேட்டதே இல்லை.

நான் சும்மா இருந்தேனா? டாக்ஸியில போன்ல படிச்ச திமிர்ல, "ஒரேயடியா காலி பண்ணக் கூடாதாமே, அப்பப்ப மூடி மூடி விடணுமாமே"ன்னேன். அது பழைய பழக்கம், ரெண்டு விதமாவும் செஞ்சு ஒப்பிட்டுப் பார்த்துட்டாங்க, ரத்தம் வர்றதிலயோ பிரஷர் இறங்குறதிலயோ வித்தியாசம் இல்லைன்னு பதில் வந்துச்சு. "இனிமே மணிக்கு எவ்வளவு வருதுன்னு எழுதுங்க. தொடர்ந்து ரெண்டு மணி நேரம் 200 மி.லி.க்கு மேல வந்தா உடனே சொல்லுங்க"ன்னு எனக்கு வேலையும் குடுத்துட்டாங்க. அடைப்பு நீங்கினதும் சிலருக்குக் கிட்னி உப்பையும் தண்ணியையும் கொட்டித் தீர்த்துடுமாம். விடிய விடிய நோட்டுல எழுதினேன். எங்க ஆபீஸ் டைம்ஷீட்டைக்கூட இவ்வளவு ஒழுங்கா போட்டதில்லை.

அப்புறம் படிச்சதுல ஒண்ணு. பெஞ்சமின் பிராங்க்ளின் 1752-ல தன் அண்ணன் ஜானுக்காக, வளையிற மாதிரி வெள்ளியில ஒரு டியூப் செய்ய வெச்சு அனுப்பியிருக்காரு. மின்னலுக்குப் பட்டம் விட்டதும் அதே வருஷம்தான். இதை அப்பாகிட்ட சொன்னேன். "வெள்ளியிலயா? விலை என்ன ஆச்சாம்?"னாரு. வாத்தியார் தேறிட்டாருன்னு அப்பதான் நம்பினேன்.

ரெண்டு வாரம் டியூபோட வீட்டுல இருந்தாரு. பை எப்பவும் இடுப்புக்குக் கீழே தொங்கணும், ஆனா தரையில படக் கூடாது, தொடுறதுக்கு முன்னாடி கை கழுவணும். டியூப் உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமி ஏற வாய்ப்பு கூடும்கிறதால அம்மா இதுல ஹெட்மாஸ்டர் மாதிரி கெடுபிடி. கூடவே டாம்சுலோசின் மாத்திரை.

வயித்து டியூப்ல ஒரு சௌகரியம், அதை உருவாமலேயே மூடி வெச்சு, தானா போகுதான்னு பார்க்கலாம். போகலைன்னா திறந்து விட்டுக்கலாம், மறுபடி குத்த வேண்டியதில்லை. பதினாலாவது நாள் மூடினாங்க. அப்பா அளவு ஜாடியோட பாத்ரூமுக்குள்ள போனாரு. நானும் அம்மாவும் வெளியே ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காம நின்னோம். பத்து நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டுச்சு.

கதவைத் திறந்து ஜாடியைத் தூக்கிக் காட்டினாரு. "முந்நூத்தி இருவது. எழுதிக்கடா."