வயித்து வலி

எங்க கரிசக்காட்டுல செத்துப்போற பொம்பளைகளுக்கெல்லாம் ஒரே நோவுதான். வயித்து வலி. 'தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தவர், வாழ்க்கையில் வெறுப்புற்று' என்று ஏட்டையா எழுதிவிட்டால் காகிதம் மூடிவிடும். கோவில்பட்டியைச் சுத்தி இருக்கிற ஊர்களில், காலனிச் சாவு என்றால் அந்தக் காகிதம் இன்னும் சீக்கிரமாக மூடும். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய காலத்திலிருந்து இன்றுவரை எத்தனையோ பேருக்காகப் பிணவறை வாசலில் நின்றிருக்கிறேன். உண்மையிலேயே வயித்து வலியில் செத்தவளை நான் பார்த்ததில்லை.

ஏழெட்டு வருசத்துக்கு முந்தி எங்க தெருவில் ஒரு பிள்ளை செத்தாள். எனக்குச் சித்தி மகள் முறை. ராத்திரி சண்டைச் சத்தம் கேட்டது. விடியக்காலம் அவ புருசன், "மருந்தக் குடிச்சிட்டா"ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்தான். பருத்திக்கு அடிக்க வாங்கி வைத்த மருந்து. லோடு ஆட்டோவில் அவனேதான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். வழியிலேயே உயிர் போய்விட்டது. மத்தியானத்துக்குள் தெரு ரெண்டாகிப் போச்சு. "அவந்தான் வாயில ஊத்திட்டான்" என்று பாதி. "ரோசக்காரி, குடிச்சிட்டா" என்று மறுபாதி.

ஊர்ப் பெரியவர் ஒருத்தர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தாயி, போனவ போயிட்டா. இவனையும் உள்ள தள்ளிட்டா பிள்ளைகளுக்கு யாரு கஞ்சி ஊத்துறது? அதோட, நம்ம ஆள நாமளே கொண்டுபோயி அவனுக கையில குடுக்கணுமாக்கும்?"

அவர் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. 1995 ஆகஸ்ட் 31-ல் கொடியன்குளத்துக்குள் போலீசு புகுந்து வீடுகளை நொறுக்கியது எங்க பக்கத்தில்தான். அந்த ஸ்டேசன் வாசலில் நியாயம் கேட்டு நிற்பது எங்களுக்கு லேசான காரியம் இல்லை. ஆனால் இந்தப் பயத்துக்கான விலையை ஒவ்வொரு தடவையும் பொம்பளையே ஏன் கட்டணும்?

சட்டத்தைத் திறந்து பார்த்தால் அங்கேயும் அவளுக்கு இடம் கொஞ்சம்தான். கல்யாணமாகி ஏழு வருசத்துக்குள் சந்தேகமாகச் செத்து, சாவுக்குச் சற்று முன்பு வரதட்சணை கேட்டுக் கொடுமை செய்தார்கள் என்று காட்டினால், சட்டம் புருசனையே முதலில் சந்தேகிக்கும். இது 1986-ல் வந்த வரதட்சணைச் சாவுப் பிரிவு. இவளுக்கு ஒம்பது வருசம் ஆகியிருந்தது. பிரச்சினை வரதட்சணையும் இல்லை. சாராயம், சந்தேகம், அவள் வாங்குகிற சனிக்கிழமைச் சம்பளம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ சாதிக்காரன் செய்தால்தான் பேசும். புருசனும் தலித் என்றால் வாயை மூடிக்கொள்ளும். ரெண்டு சட்டத்துக்கும் நடுவில் விழுந்தவள் அவள். மிச்சம் இருப்பது வெறும் சாட்சியம்தான்.

அதை எடை போட உட்கார்ந்தோம். அவனுக்கு எதிராக: ராத்திரிச் சண்டை. முன்கையில் கன்றிப்போன தடம். ரெண்டு மாசம் முந்தி தாய் வீட்டில் அவள் சொன்னது: "இனி போனா பொணமாத்தான் வருவேன்." அவனுக்குச் சாதகமாக: அவனே தூக்கிக்கொண்டு ஓடியது. வாயில் வலுக்கட்டாயமாக ஊற்றினால் உதட்டிலும் ஈறிலும் காயம் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி எதுவும் இல்லை. அதோடு, ரெண்டாம் நாளே எங்க ஆளுகளின் பேச்சு வளர ஆரம்பித்தது. முதல் நாள் "சத்தம் கேட்டுச்சு" என்றவள், அடுத்த நாள் "நானே ஜன்னல் வழியாப் பாத்தேன்" என்றாள். அந்த வீட்டுக்கு ஜன்னலே கிடையாது.

சர்தா வழக்கு என்று ஒன்று உண்டு. 1982-ல் புனேயில், கல்யாணமாகி நாலே மாசத்தில் ஒரு இளம்பெண் விஷத்தில் செத்தாள். கீழ்க்கோர்ட்டு புருசனுக்குத் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 1984-ல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அவள் எழுதிய கடிதங்களைப் படித்துவிட்டு, தற்கொலையாகவும் இருக்கலாமே என்றது. சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் சாட்சியம் ஆகாது, சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடக் கூடாது, குற்றத்தைத் தவிர வேறு விளக்கத்துக்கு இடமிருக்கக் கூடாது என்றது. செத்தவளின் சொந்தக்காரர்கள் பாசத்தில் கூட்டிச் சொல்லுவார்கள் என்றும் எச்சரித்தது. அந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் அ. வரதராசன். தமிழ்நாட்டுக்காரர். உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் தலித் நீதிபதி.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். சந்தேகத்தை வைத்தே ஆளைத் தூக்கில் போடலாம் என்றால் இந்த நாட்டில் முதலில் தொங்குவது யார்? நாமதான். களவு போனாலும் வைக்கப்படப்பு எரிந்தாலும் முதலில் நம்ம தெருவுக்குத்தானே வருகிறார்கள்.

ஆனால் தராசுக்கு இன்னொரு தட்டும் இருக்கு. 2006-ல் திரிமுக் மரோட்டி கிர்கன் வழக்கு. மகாராஷ்டிரத்துக் கிராமம். பெண்டாட்டியைப் பாம்பு கடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். பிரேதப் பரிசோதனையில் கழுத்தை நெரித்தது தெரிந்தது. நாலு சுவருக்குள் நடந்த சாவுக்குச் சாட்சி எங்கிருந்து வரும்? அரசுத் தரப்பு அடிப்படையை நிரூபித்த பிறகு, உள்ளே இருந்தவன் விளக்கம் சொல்லியாகணும். சொல்லாவிட்டாலும் பொய் சொன்னாலும் அதுவே சங்கிலியில் ஒரு கண்ணி என்றது உச்ச நீதிமன்றம். சாட்சியச் சட்டம் பிரிவு 106. 2024 ஜூலை முதல் வந்திருக்கிற புதுச் சட்டத்தில் அது 109.

இதே நியாயத்தைத்தான் நாம போலீசுகிட்ட கேட்கிறோம். 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேசனில் அடிபட்ட அப்பாவும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்தடுத்துச் செத்துப்போனபோது நாடே கேட்டது: "உள்ளே என்ன நடந்தது? நீதான் சொல்லணும்." பூட்டிய ஸ்டேசனுக்கு ஒரு நியாயம், பூட்டிய வீட்டுக்கு வேற நியாயமா? லத்தி வைத்திருப்பவனிடம் கேட்பதை, தாலி கட்டியவனிடமும் கேட்கணும்.

அதனால் சாவில் சந்தேகம் இருக்கு என்று அவ அம்மாவைக் கைநாட்டு வைக்கச் சொல்லி மனு கொடுத்தோம். சாவின் காரணத்தில் சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனை செய்தே ஆகணும். கொலை என்று நாங்கள் எழுதவில்லை. பார்த்ததை, கேட்டதை மட்டும் எழுதினோம். ஜன்னல் கதையை விட்டுவிட்டோம். வழக்கு கொலையாக நிற்கவில்லை. கொடுமை செய்தான் என்பது நின்றது. தற்கொலைக்குத் தள்ளுகிற அளவு கொடுமை என்றால், வரதட்சணை கேட்காவிட்டாலும் குற்றம்தான். அன்றைக்கு அது 498ஏ. இன்றைக்கு நியாய சன்ஹிதாவில் 85, 86. பாதித் தெரு ரெண்டு வருசம் என்னோட பேசவில்லை. பிள்ளைகள் ஆத்தா வீட்டில் வளர்கிறார்கள். மூத்தது பத்தாவது முடித்துவிட்டது.

அவன் ஊற்றினானா, அவள் குடித்தாளா என்று இன்னமும் என்னைக் கேட்கிறார்கள். சாட்சியம் எதுவரை போச்சோ அதுவரைதான் நான் சொல்லுவேன். ஆனால் அடித்தான். அதைக் கேட்காத காது எங்க தெருவில் இல்லை.

இளைய தோழர்களுக்கு ஒன்று சொல்லணும். அப்படி ஒரு காலை விடிந்தால் வீட்டைக் கழுவ விடாதீங்க. டம்ளரை, மருந்து டப்பாவைத் தொட விடாதீங்க. உடம்பைக் குளிப்பாட்ட விடாதீங்க. யார் என்ன கேட்டார்கள் என்பதை, அவர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்வதற்கு முன்னாலேயே எழுதி வாங்குங்க. புருசன் சொல்லுறதையும் அன்றைக்கே எழுதுங்க, அவன் சொன்ன மாதிரியே.