கப்பல் பஸ்ஸா, வாடகை வேனா?

எங்க குரும்பலூர்லேர்ந்து கடலைப் பார்க்கணும்னாலே நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும். இந்த ஊர்க்காரன் கப்பல்ல போனேன்னு எழுதினா சிரிப்பு வரத்தான் செய்யும். 2023 ஜூன் மாசம் சென்னைத் துறைமுகத்துலேர்ந்து இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பல் விட ஆரம்பிச்சாங்க. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு அங்கே மூணு துறை. சென்னையில வேலை பார்க்கிற மகள் எங்களுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுட்டா. ஆனி மாசம். கொல்லையை உழுது போட்டாச்சு, மக்காச்சோளம் விதைக்க மழை வரணும். அதனால கிளம்ப முடிஞ்சது. நான், வீட்டுக்காரம்மா, மகள், கூட எங்க உள்கோட்டை மாமா. ஆக நாலு பேர்.

கப்பல்ல என்னென்ன சாப்பாடு, எத்தனை மாடி, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் எழுத நினைக்கிறது ஒரே ஒரு விஷயம். கப்பல் ஒரு துறையில நிக்குது. பார்க்க வேண்டிய பழைய ஊரு அங்கிருந்து ரொம்ப தூரத்துல இருக்கு. கப்பல்காரங்க ஏற்பாடு பண்ற பஸ்ல போறதா, நாமளே வண்டி பிடிச்சுப் போறதா? இந்தக் கேள்வி திருகோணமலையில எங்க முன்னாடி வந்து நின்னுச்சு.

காரணம் மாமாதான். அவருக்கு 67 வயசு, சர்க்கரை இருக்கு, முட்டி வலி இருக்கு. 1980-81ல தமிழ்நாடு தொல்லியல் துறை கங்கைகொண்டசோழபுரம் பக்கத்துல மாளிகைமேட்டைத் தோண்டினப்போ அவர் அங்கே கூலிக்கு மண்ணு அள்ளினவரு. அப்ப அந்தப் பக்கமெல்லாம் திருச்சி ஜில்லா. அரண்மனையோட செங்கல் சுவரு மண்ணுக்குள்ளேர்ந்து மேல வர்றதை நேர்ல பார்த்த ஆளு. கடலுக்கு அந்தாண்டையும் சோழர்களுக்கு ஒரு தலைநகரம் இருந்துச்சுன்னு அங்கேதான் யாரோ சொல்லிக் கேட்டிருக்காரு. நாப்பது வருஷமா அதை மனசுல வச்சிருந்தாரு.

அந்த ஊரு பொலன்னறுவை. ராஜராஜன் காலத்துல அனுராதபுரம் விழுந்த பிறகு, சோழர்கள் பொலன்னறுவையைத் தலைநகராக்கி ஜனநாதமங்கலம்னு பேரு வச்சாங்க. 1017ல ராஜேந்திரன் காலத்துல சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தனைப் பிடிச்சாங்க. 1070ல விஜயபாகு மீட்கிற வரைக்கும் சோழர் ஆட்சிதான். அங்கே முழுக்கக் கல்லால கட்டின ஒரு சிவன் கோயில் நிக்குது. ஒரு சோழ ராணி பேருல வானவன்மாதேவி ஈஸ்வரம். தொல்லியல் பலகையில இரண்டாம் சிவ தேவாலயம்னு எழுதியிருக்கும். அதைப் பார்க்கணும்கிறதுதான் மாமாவோட ஆசை. இன்னொரு தடவை வருவாரான்னு சொல்ல முடியாது.

திருகோணமலையிலேயே பார்க்க நிறைய இருக்கு. சுவாமி மலையில கோணேஸ்வரர், கன்னியாவுல ஏழு வெந்நீர்க் கிணறு. அதுக்கெல்லாம் ஆட்டோ போதும், எந்தக் குழப்பமும் இல்லை. பொலன்னறுவை அப்படி இல்லை. கந்தளாய், ஹபரணை வழியா நூறு கிலோமீட்டருக்கு மேல. போக ரெண்டரை மணி நேரம், வர ரெண்டரை மணி நேரம்.

கப்பல் பஸ்ஸுல ஆளுக்கு இவ்வளவுன்னு கட்டணம். வேனுக்கு வண்டிக்கு இவ்வளவுன்னு வாடகை. நாலு பேருக்குக் கணக்குப் போட்டா வேன் செலவு பாதிக்கும் கீழேதான் வந்துச்சு. மகள் உடனே வேன்தான்னா. நான் கொஞ்சம் யோசிச்சேன். ஏன்னா இது நாங்க வருஷா வருஷம் வெங்காயத்துக்குப் போடற கணக்கு.

எங்க பக்கம் சின்ன வெங்காயம் அதிகம். அறுவடை பண்ணினதும் வயல்லயே வியாபாரிக்குத் தள்ளிடலாம். அவரு குறைச்சுத்தான் கொடுப்பாரு. ஆனா அதுக்கப்புறம் மழை பெஞ்சாலும், விலை விழுந்தாலும் அவரு பாடு. இல்லைன்னா பட்டறை போட்டு மூணு மாசம் வச்சிருந்து விக்கலாம். விலை ஏறினா லாபம் நமக்கு. ஓதம் ஏறி அழுகினா அதுவும் நமக்கு. வியாபாரி எடுத்துக்கிற அந்த வித்தியாசம் சும்மா போற காசு கிடையாது. நம்ம பயத்தை அவரு வாங்கிக்கிறாரு, அதுக்கான விலை.

கப்பல் பஸ்ஸும் அதுதான். கப்பல்காரங்க ஏற்பாட்டுல போன பஸ் தாமதமானா கப்பல் காத்திருக்கும். கல்யாண பஸ் மாதிரி, ஒரு சித்தப்பா வரலைன்னாலும் டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டு நிப்பாரு. தனியா போனவங்களுக்கு அதே கப்பல் லைன் பஸ். நேரமானா கிளம்பிடும். விட்டுட்டா அடுத்த துறைக்கு நம்ம செலவுல போய்ச் சேரணும். கடல் கொந்தளிப்பால கப்பல் அந்தத் துறைக்கே போகலைன்னா, கப்பல் பஸ்ஸுக்குக் கட்டின காசு பொதுவா திரும்பி வந்துடும். நாம தனியா கொடுத்த முன்பணத்துக்கு அந்த உறுதி இல்லை.

அதனால தூரம் கூடக் கூட கப்பல் பஸ்ஸுக்குக் கொடுக்கிற அதிகக் காசுக்கு அர்த்தமும் கூடுது. கிரீஸ் நாட்டுல பிரேயஸ் துறைமுகத்துலேர்ந்து ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் பத்து கிலோமீட்டர்தான், மெட்ரோ ரயிலே இருக்கு. அங்கே பஸ்ஸுக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. எகிப்துல சஃபாகா துறையில இறங்கி லக்சர் கோயில்களுக்குப் போகணும்னா பாலைவனத்துக்குள்ள இருநூறு கிலோமீட்டருக்கு மேல. அங்கே தனியா போறவங்க தைரியசாலிங்க. பொலன்னறுவை ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. அதான் குழப்பம்.

இப்படி யோசிச்சா நாங்க பஸ்ஸுலதான் போயிருக்கணும். ஆனா முதல் நாள் ராத்திரி கப்பல்ல சுற்றுலா மேசைக்குப் போய் மகளை விட்டு ஒண்ணு கேக்கச் சொன்னேன். பொலன்னறுவையில எங்கெங்க நிறுத்துவீங்க? பராக்கிரமபாகு அரண்மனை, நாற்சதுர முற்றம், கல் விகாரையில இருக்கிற புத்தர் சிலைகள், மதியச் சாப்பாடுன்னு வரிசையா சொன்னாங்க. வானவன்மாதேவி ஈஸ்வரம்? அது நிகழ்ச்சியில இல்லைங்க, நேரம் இருந்தா பார்க்கலாம்னு மரியாதையாத்தான் பதில் சொன்னாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. நாப்பது பேரைக் கூட்டிட்டுப் போறவங்க நாப்பது பேருக்கும் பிடிச்சதைத்தான் காட்டுவாங்க.

மாமா பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தாரு. "மாப்ள, எனக்காகப் பாக்காத. பஸ்ஸுலயே போவோம்"னாரு. அவரு குரல்லேயே தெரிஞ்சுபோச்சு. வேன்னு முடிவு பண்ணினேன்.

முடிவு பண்ணினதும் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணினோம். எல்லாரும் கப்பலேற வேண்டிய நேரம் மாலை 5 மணி. கப்பல் கிளம்பறது 6 மணி. நமக்குக் கணக்கு 5தான், 6 இல்லை. துறைமுக வாசலுக்கு 3.30க்கே வந்துடணும். அப்போ பொலன்னறுவையை விட்டு 1 மணிக்குக் கிளம்பணும். காலையில 7.30க்கு இறங்கினா 10 மணிக்கு அங்கே. ஆக கையில இருக்கிறது மூணே மணி நேரம். அந்த மூணு மணி நேரத்துல முதல்ல வானவன்மாதேவி, மத்ததெல்லாம் அப்புறம். சிகிரியாவும் போகலாம்னு மகள் கேட்டா. முடியாதுன்னுட்டேன்.

கைவசம் ஒன்றரை மணி நேரம் வச்சதுக்கும் ஒரு காரணம் இருக்கு. ஒரு வழிக்கு ஆகிற நேரத்துல பாதியாவது மிச்சம் இருக்கணும். ஒரு பஞ்சர், ஒரு யானை, ஒரு வழிமறியல், இதுல ஏதாவது ரெண்டைத் தாங்கணும். யானைன்னு விளையாட்டுக்குச் சொல்லலை. ஹபரணை, மின்னேரியா ரோட்டுல நிஜமாவே யானை குறுக்க வரும்.

வண்டி ஓட்டினவர் திருகோணமலைத் தமிழர், ஐம்பது வயசு இருக்கும். கிளம்பும்போதே கணக்கைச் சொல்லிட்டேன். "யோசிக்காதேங்கோ ஐயா, மூண்டரைக்குக் கொண்டு வந்து விடுவன்"னாரு. கந்தளாய்க் குளத்தையும் மின்னேரியாக் குளத்தையும் தாண்டிப் போறப்போ எனக்கு வண்டியை நிறுத்தச் சொல்ல வாய் வந்துச்சு. மின்னேரியாக் குளம் 3ஆம் நூற்றாண்டுல மகாசேனன் வெட்டினது. இன்னைக்கும் வயலுக்குத் தண்ணி கொடுக்குது. மானாவாரிக்காரனுக்கு அந்தத் தண்ணியைப் பார்த்தா வயிறு எரியத்தான் செய்யும். நிறுத்தலை. வண்டிக்குள்ளேர்ந்தே பார்த்துக்கிட்டேன்.

கோயில் சின்னது. நம்ம கங்கைகொண்டசோழபுரத்துப் பெரிய கோயில் பக்கத்துல வச்சா ஒரு கன்னுக்குட்டி அளவுதான். ஆனா அதே சாடை. சுவத்துல தமிழ்க் கல்வெட்டு. உள்ளே லிங்கத்துக்கு முன்னாடி யாரோ பூ வச்சிருந்தாங்க. மாமா செருப்பைக் கழட்டிட்டு சுவத்தை ஒரு சுத்து தடவிக்கிட்டே வந்தாரு. அப்புறம் மர நிழல்ல உக்காந்துட்டாரு. முக்கால் மணி நேரம் அங்கேயே. பஸ்ஸுல வந்திருந்தா அந்த முக்கால் மணி நேரத்தை எந்தக் காசு கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது.

"நம்ம ஊருல 1836ல அணைக்கரை கட்டறதுக்குக் கோயில் மதிலு கல்லையே பேத்து எடுத்துட்டுப் போனாங்க. இங்க ஜெயிச்சவன் ஊரு இது. ஆனா தோத்தவன் கட்டின கோயிலு அப்படியே நிக்குது பாரு மாப்ள"ன்னாரு. அதுக்கு நான் ஒண்ணும் பதில் சொல்லலை.

மாமா முட்டிக்கு ஏத்த மாதிரி மெதுவாத்தான் நடந்தோம். அரண்மனையோட செங்கல் சுவரைப் பார்த்தோம். மாளிகைமேட்டு ஆளுக்கு அது போதாதா, செங்கலை விரக்கடையால அளந்து பார்த்தாரு. பராக்கிரம சமுத்திரக் கரையில அஞ்சு நிமிஷம் நின்னோம். கல் விகாரைக்குப் போகலை. நேரம் 12.50. பொலன்னறுவைக்குப் போய்க் கல் விகாரையைப் பார்க்காம வந்தோம்னு சொன்னா விவரம் தெரிஞ்சவங்க தலையில அடிச்சுக்குவாங்க. தனியா போனதுக்கு நாங்க கொடுத்த விலை அது.

திரும்பும்போது ஹபரணைக்குப் பக்கத்துல ஒரு ஒத்தை யானை ரோட்டோரம் நின்னு இருபது நிமிஷம் எல்லா வண்டியையும் நிறுத்திடுச்சு. 3.50க்குத் துறைமுகத்துல இறங்கினோம். மாமாவுக்குச் சாப்பாடு வேளை தவறலை, வீட்டுக்காரம்மா கட்டி எடுத்து வந்த சப்பாத்தி இருந்துச்சு.

அஞ்சு மணிக்கு மேல்தளத்துல நின்னு வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தோம். கப்பல் பஸ் வரலை. வழியில டயர் பஞ்சராம். 5.20க்கு வந்தாங்க. ஏணி அவங்களுக்காக இறக்கியே இருந்துச்சு. யாரும் ஓடலை, பதறலை. கையில கல் விகாரை போட்டோவோட சாவகாசமா ஏறினாங்க. நாங்க 5.20க்கு வந்திருந்தா கதை வேற.

ஆகவே கிளம்பறதுக்கு முன்னாடி நீங்க கேட்டுக்க வேண்டியதைச் சொல்றேன். போற இடம் ஒரு மணி நேரத்துக்குள்ளயா, அதுக்கு மேலயா? போறதுக்கு ஒரே ரோடா, மாத்து வழி இருக்கா? கப்பலோட அடுத்த துறை அதே நாடா? எங்களுக்கு அடுத்தது காங்கேசன்துறை. தவறவிட்டாலும் ராத்திரியோட ராத்திரியா வவுனியா வழியா யாழ்ப்பாணம் போய் ஏறியிருக்கலாம், அந்தத் தைரியமும் எனக்கு இருந்துச்சு. வேற நாடா இருந்தா பஸ்ஸுலதான் போயிருப்பேன். கப்பல் கடிகாரமும் கரைக் கடிகாரமும் ஒண்ணா? இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம், மத்த இடத்துல அப்படி இருக்காது. நாங்க போனப்போ இலங்கைத் தொல்லியல் இடங்கள்ல சார்க் நாட்டவருக்கு நுழைவுக் கட்டணத்துல சலுகை இருந்துச்சு, அதுக்கு பாஸ்போர்ட் காட்ட வேண்டியிருந்துச்சு. கப்பல்ல வாங்கி வச்சிருந்தா என்ன காட்டறதுன்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

இதெல்லாத்துக்கும் மேல, அங்கே போய் எதைப் பார்க்கணும்னு உங்களுக்கே தெளிவா தெரியுமா? தெரியாதுன்னா, பொதுவா ஊரைப் பார்த்தா போதும்னா, கப்பல் பஸ்ஸுல ஏறுங்க. அவங்க காட்டறது நல்லாத்தான் இருக்கும், பயமும் அவங்களோடது. இந்த ஒரு இடம், இந்த ஒரு ஆளுக்காகன்னு இருந்தா மட்டும் வேன் எடுங்க. எடுத்தா மத்ததை விட்டுக்கொடுக்கத் துணிஞ்சு எடுங்க. காசு மிச்சம்கிறதுக்காக மட்டும் நூறு கிலோமீட்டர் தாண்டித் தனியா போகாதீங்க. மழை எப்ப வரும்னு தெரியாம பட்டறை போட்ட கதைதான் ஆகும்.

கப்பல் வேண்டாம், நேரக் கணக்கு வேண்டாம்னா மாளிகைமேட்டுக்கு வாங்க. பெரம்பலூர்லேர்ந்து அரியலூர், ஜெயங்கொண்டம்னு பஸ் மாறி வந்துடலாம். எந்தச் சுவரு எந்த வருஷம் வெளிய வந்துச்சுன்னு சொல்ல மாமா இருக்காரு. யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க.