மின் வரும் வழி

கணினியொன்றைத் தனித்தனி உறுப்புகளாகப் பெற்று இணைக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் இடர்களுட் பெரும்பாலானவை நுண்ணிய மின்னணுவியல் அறிவை வேண்டுவன அல்ல. உரிய இடத்தைச் சென்றடையாத ஒரு வடம், முழுமையாக அமராத ஒரு செருகி, பிறழ்ந்த முட்களில் மாட்டப்பட்ட ஒரு மெல்லிய கம்பி ஆகியவற்றுள் ஒன்றே பெரும்பாலும் காரணமாயிருக்கும். ஆயினும் இயந்திரம் இயங்க மறுத்தவுடன் நம் மனம் விலை மிகுந்த உறுப்பையே முதலில் ஐயுறுகின்றது. 'தாய்ப்பலகை எரிந்துவிட்டது' என்று தீர்ப்பு வழங்க ஒரு நொடி போதும். ஒரு வடத்தை அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தொட்டுச் செல்லப் பொறுமை வேண்டும். அப்பொறுமையின் பெறுமதியை நான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கற்றதிலும் பார்க்க, முள்ளிக்குளத்தில் ஒரு மாலைநேரப் படிப்பு நிலையத்தில் அதிகமாகக் கற்றேன்.

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரதேசத்தில், வில்பத்துக் காட்டை அண்டிய கடற்கரைக் கிராமம் முள்ளிக்குளம். மீன்பிடியும் வேளாண்மையும் அங்குள்ளோரின் தொழில்கள். 2007ஆம் ஆண்டு செப்டெம்பரில் அம்மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். பின்னர் அங்கே கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. மலங்காடு முதலான அயலிடங்களில் பல்லாண்டுகள் கழிந்தன. 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மக்கள் தொடங்கிய தொடர் போராட்டத்தின் பயனாக, ஏப்ரல் 29ஆந் திகதி 100 ஏக்கர் நிலம் விடுவிக்கப்படுமென அறிவிக்கப்பட்டது. ஊர் திரும்புதல் என்பது வேலியும் கிணறும் மட்டுமன்று, பள்ளிப் படிப்பும் மின்சாரமும் அறுந்த இடத்திலிருந்து மீண்டும் தொடுக்கப்படுவதும் ஆகும். நான் கண்ட நிலையம் அத்தகைய தொடுப்புகளுள் ஒன்று.

கொழும்பிலுள்ள நலன்விரும்பிகள் சிலர் கணினியின் உறுப்புகளைப் பெட்டிகளில் அனுப்பியிருந்தனர். உயர்தரத்தில் தொழினுட்பம் பயின்ற இரு இளைஞர் அவற்றை அக்கறையோடு பொருத்தியிருந்தனர். ஆனால் ஆளியை அழுத்தியபோது எவ்வித அசைவும் இல்லை. நகரத்துக் கடையொன்றில் தொலைபேசிமூலம் கேட்டபோது, தாய்ப்பலகை பழுது, மாற்ற வேண்டும் என்ற விடை கிடைத்தது. மாற்றுவதற்குரிய பணம் நிலையத்திடம் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருந்த பதினொரு மாணவர்கள், கணினியைப் பாடநூற் படத்தில் மட்டுமே அறிந்தவர்களாக அச்சுவரோரம் நின்றனர். பெட்டியைக் கொழும்புக்குத் திருப்பியனுப்புவதா என்ற பேச்சு எழுந்திருந்த வேளையிலேயே நான் அங்குச் சென்றேன்.

படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்தும் முதியவர் ஒருவரும் அங்கு வந்திருந்தார். கணினியை அவர் அறியார். ஆனால் அவர் சொன்ன சொல்லைவிடச் சிறந்த வழிகாட்டலை எந்நூலிலும் நான் கண்டதில்லை. "தம்பி, கடலுக்கை எஞ்சின் நிண்டா எண்ணெய்க் குழாயைத்தான் முதல் பாக்கிறது. எஞ்சினைக் கழட்டுறது கடைசி வேலை." இதனையே அன்றைய முறையாகக் கொண்டோம். மின் வரும் வழியே நாமும் நடப்பது, ஓரிடம் சரியென உறுதிப்பட்ட பின்னரே அடுத்த இடத்துக்குச் செல்வது, ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று முடிவாயிற்று.

சுவரிலிருந்து தொடங்கினோம். குதையில் மேசைவிளக்கைச் செருகினோம், எரிந்தது. மின்வழங்கிப் பெட்டியின் பின்புறத்திலுள்ள சிறிய ஆளி திறந்த நிலையிலேயே இருந்தது. பழைய பெட்டிகள் சிலவற்றில் 115, 230 என்னும் இரு அழுத்தங்களுள் ஒன்றைத் தெரியும் செந்நிற ஆளியொன்றும் இருக்கும். நம் நாட்டு 230 உவோல்ற்று மின்சாரத்தில் அதனை 115இல் வைத்துச் செருகினால் பெட்டி எரிந்துபோகும். ஆகவே செருகுமுன் பார்க்கவேண்டிய இடம் அது. எமது பெட்டியில் அவ்வாளி இருக்கவில்லை. தாய்ப்பலகையின் ஓரத்தில் ஒரு சிறு பச்சை விளக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் அதைக் கண்டிருந்தனர்; எவரும் அதன் பொருளைக் கேட்கவில்லை.

அதன் பொருளை அறியச் சற்று வரலாறு வேண்டும். முற்காலத்து மேசைக் கணினிகளில் முன்புற ஆளி வீட்டு மின்சாரத்தையே நேராகத் தொடுத்தும் துண்டித்தும் நின்றது. தாய்ப்பலகைக்குச் சென்ற இரு செருகிகளும் உருவில் ஒத்திருந்தமையால் இடம் மாறினால் பலகை பாழாகும். கருங்கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து வரவேண்டுமென்பது அக்காலத் திருத்துநரின் பாலபாடம். 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ் அமைப்பு இதனை மாற்றியது. இதில் முன்புற ஆளி கட்டளையிடுவதில்லை, விண்ணப்பிக்கின்றது. அது இரு முட்களைக் கணநேரம் தொடுக்க, தாய்ப்பலகை பச்சைக் கம்பிவழியாக மின்வழங்கியை எழுப்புகின்றது. அவ்விண்ணப்பத்தைச் செவிமடுப்பதற்காக, கணினி உறங்கும்போதும் ஊதாக் கம்பியில் 5 உவோல்ற்று விழித்திருக்கும். பச்சை விளக்கு அறிவித்தது அவ்விழிப்பையே. ஆகவே மின்சாரம் தாய்ப்பலகைவரை வந்துவிட்டது, விண்ணப்பந்தான் சென்றடையவில்லை.

முன்புற ஆளியின் கம்பியைக் கழற்றிவிட்டு, பலகையின் கையேடு காட்டிய இரு முட்களையும் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொடுத்தேன். விசிறிகள் சுழன்றன. ஆளியின் கம்பி அயலிலுள்ள வேறு இரு முட்களில் மாட்டப்பட்டிருந்தமை தெரியவந்தது. அரிசி மணியளவான அம்முட்களின் வரிசையில் அப்பிழை எவருக்கும் நேரக்கூடியதே. எரிந்துவிட்டதெனத் தீர்ப்பிடப்பட்ட பலகை உயிரோடு இருந்தது.

எனினும் திரை இருண்டே கிடந்தது. "அப்ப மூளைதான் எரிஞ்சிருக்கு" என்றார் இளைஞர் ஒருவர். பழி ஓர் உறுப்பிலிருந்து விலகியதும் மற்றொன்றைத் தேடிச் செல்வதைக் கண்டு முதியவர் சிரித்தார். மீண்டும் வழியைப் பின்பற்றினோம். திரையின் வடம் இரு முனைகளிலும் இறுகியிருந்தது. நினைவகச் சட்டங்களைக் கழற்றி, ஒன்றை மட்டும் 'கிளிக்' என்னும் ஒலி கேட்க அமர்த்தினோம். 24 முட்கள் கொண்ட பெருஞ்செருகியும் சரியாகவே இருந்தது. பலகையின் மேல் மூலையில், வெப்பந்தணிக்கும் உலோகத்தின் நிழலில், எண்துளைக் குதையொன்று வெறுமையாக இருந்தது.

பெருஞ்செருகி ஒன்றே பலகை முழுவதற்கும் மின்னூட்டுமென எண்ணுவது இயல்பு. ஆனால் முறைவழியாக்கிக்குத் தனி வழி உண்டு. அதன் காரணம் எளிய பௌதிகம். வலு என்பது அழுத்தமும் ஓட்டமும் பெருக்கிய தொகை. 120 உவாற்று வலுவை 5 உவோல்ற்றில் வழங்க 24 அம்பியர் பாயவேண்டும். 12 உவோல்ற்றில் 10 அம்பியர் போதும். ஓட்டம் குறையக் கம்பியும் முட்களும் சூடேறுவது குறையும். எனவேதான் 2000ஆம் ஆண்டளவில் முறைவழியாக்கிக்கென 12 உவோல்ற்றுத் தனிச்செருகி வகுக்கப்பட்டது. அதனை மாட்ட மறந்தால் விசிறிகள் சுழலும், விளக்குகள் ஒளிரும், கணிக்க வேண்டிய உறுப்போ பட்டினி கிடக்கும். பெட்டியின் பின்தகட்டுக்குள் மடிந்து கிடந்த அவ்வடத்தை ஒரு மாணவனின் மெல்லிய கை வெளியே எடுத்தது. மின்சாரத்தை நிறுத்தி, அதனைச் செருகி, மீண்டும் ஆளியை அழுத்தினோம். திரையில் எழுத்துகள் தோன்றின. பதினொரு பேரும் எழுப்பிய ஒலி வெளியே வலை பொத்திக்கொண்டிருந்தவர்களையும் உள்ளே அழைத்தது.

இவ்விடத்தில் இக்கட்டுரை முடிந்திருக்கலாம். ஆனால் பெட்டியைத் தடவிப் பார்த்த மாணவியொருத்தி கையைச் சட்டென்று எடுத்தாள். "சேர், தொட்டா விறுவிறுக்குது" என்றாள். அருகிலிருந்த இளைஞர், "அது எல்லாப் பெட்டியிலும் அப்பிடித்தான் பிள்ளை, செருப்பைப் போட்டுக்கொண்டு தொடு" என்று ஆறுதல் கூறினார்.

செருப்பு என்னும் அம்மருந்து நம் நாட்டிற் பரவலாக வழங்குவது. அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. மின்வழங்கியின் வாயிலில், இரைச்சலை வடிகட்டுவதற்காக, உயிர்க்கம்பியிலிருந்தும் நொதுமற்கம்பியிலிருந்தும் பெட்டியின் உலோகத்துக்கு இரு கொள்ளளவிகள் தொடுக்கப்பட்டிருக்கும். அவற்றினூடு கசியும் சிற்றோட்டத்தைப் புவிக்கம்பி மண்ணுக்குக் கொண்டு செல்லும். புவிக்கம்பி இல்லையெனில் பெட்டி, வழங்கு அழுத்தத்தின் பாதியளவில், ஏறத்தாழ 115 உவோல்ற்றில் மிதக்கும். கிணற்றடி ஈரமண்ணில் நட்ட இரும்புக் கோலுக்கும் பெட்டிக்கும் இடையே பல்மானியை வைத்தோம்; அது 100ஐத் தாண்டியது. அக்கசிவு மிகச் சிறியது, கையைக் கூசச் செய்வதோடு அமையும். ஆனால் அது தரும் செய்தி பெரிது. என்றேனும் உள்ளே காவல் சிதைந்து உயிர்க்கம்பி உலோகத்தைத் தொடுமாயின், 230 உவோல்ற்று முழுவதும் பெட்டியில் நிற்கும்; மண்ணுக்குச் செல்ல அதற்குக் கிடைக்கும் வழி ஒரு பிள்ளையின் உடலாக இருக்கும்.

"ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுது" என்று ஒருவர் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டினார். அதுவும் உடனே விழுந்தது. ஆனால் அப்பொத்தான் தன்னுள் அமைந்த ஒரு தடையினூடாகவே கசிவைப் போலியாக உண்டாக்குகின்றது. கட்டடத்தின் புவித்தொடுப்பு அறுந்திருந்தாலும் அது விழும். ஆகவே அது காவலனின் விழிப்பைக் காட்டுமேயன்றி, வழி திறந்திருப்பதைக் காட்டாது.

வழியைத் தேடியபோது இரு குறைகள் வெளிப்பட்டன. நீட்டிப்பு வயரின் முனையில் மூன்று துளைக் குதை இருந்தது; வயருக்குள் ஓடியவை இரு கம்பிகளே. கட்டடத்தின் புவிக்கோலோ உலர்ந்த மணலில் நின்றது. அதன் பிணைப்பை உப்புக்காற்று அரித்திருந்தது. மின்சாரத்தை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டேன். சற்றுமுன் ஆரவாரித்த முகங்கள் வாடின. ஓடுகின்ற இயந்திரத்தை ஏன் நிறுத்தவேண்டுமென மாணவர்கள் கேட்ட கேள்வி நியாயமானதே. சிலாவத்துறையிலிருந்து உரிமம் பெற்ற மின்னிணைப்பாளர் வரும்வரை இரண்டு நாள்கள் அப்பெட்டி துணியால் மூடிக் கிடந்தது. அவர் மூன்று கம்பி வயரை இட்டு, ஈரம் நிலைக்கும் ஆழத்தில் புதிய கோலை இறக்கிப் பிணைத்தார். பெட்டியின் உலோகத்திலிருந்து செருகியின் புவிமுள்வரை ஒரு ஓமுக்கும் குறைந்த தடையைப் பல்மானி காட்டிய பின்னரே மீண்டும் இயக்கினோம். அந்த மாணவி புறங்கையால் பெட்டியைத் தொட்டுவிட்டு, ஒன்றும் கூறாமல் தட்டச்சுப் பலகையின் முன் அமர்ந்தாள்.

பழுதுகள் இருவகையென்பதை அவ்விரு நாள்களும் எனக்குத் தெளிவாக்கின. இயந்திரத்தை நிறுத்தும் பழுது முதலாவது. அது தன்னைத் தானே அறிவிப்பதால் நாம் அதனைத் தேடிச் செல்கின்றோம். இயந்திரத்தை ஓடவிட்டு மனிதரை ஆபத்தில் நிறுத்தும் பழுது இரண்டாவது. அதற்கு நாம் பழகிக்கொள்கின்றோம், செருப்பணிந்துகொள்கின்றோம். முதலாவதைத் தேடுவதற்குப் பொறுமை போதும். இரண்டாவதைத் தேடுவதற்கு, 'எங்கும் அப்படித்தான்' என்னும் சொல்லை ஏற்க மறுக்கும் பிடிவாதமும் வேண்டும்.

மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி என்னும் பெயரில் 30 காற்றாலைகள் 2020 டிசெம்பரிலே திறந்துவைக்கப்பட்டன, 103.5 மெகாவாற்று அவற்றின் கொள்திறன். கடற்காற்றிலிருந்து பிறக்கும் அம்மின்சாரம் கோபுரங்களையும் மாற்றிகளையும் கடந்து நாடெங்கும் செல்கின்றது. அத்துணைப் பெரும் ஏற்பாடும் இறுதியில் ஒரு வயருக்குள் மூன்றாவது கம்பி உண்டா என்பதில் வந்து தங்குகின்றது. பல்கலைக்கழகங்களில் நாம் பெரும்பாலும் வழியின் தொடக்கத்தையே பயில்கின்றோம். வழி முடியும் சிற்றூர்களின் சுவர்க்குதைகளையும் விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர் பார்த்து வருவாராயின், அதற்கு வேண்டிய கருவிகள் அதிகமில்லை: ஒரு திருப்புளி, ஒரு பல்மானி, கடைசிக் கம்பிவரை செல்லும் பொறுமை.